கேட்டிலிருந்து வாசற்படி வரை எந்தக் கான்கிரீட் தளம் போடலாம்?

நீங்கள் கேட்டது இதுதான். ஆதம்பாக்கத்தில் பழைய தனி வீடு. கேட்டிலிருந்து வாசற்படி வரை 4 அடி அகலத்தில் 20 அடி நீள நடைபாதை. முப்பது வருஷத்துச் சிமெண்ட் தளம் வெடித்துப் பெயர்ந்து கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு அழகாக ஏதாவது போட வேண்டும். ஸ்டாம்ப்டு கான்கிரீட்டா, கூழாங்கல் தெரிகிற தளமா, கலர் ஆக்சைடா என்று குழப்பம். அம்மாவுக்கு 74 வயது, தினமும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். மழைக்காலத்தில் படிக்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறது.

இதில் கடைசியாகச் சொன்ன இரண்டு விஷயங்களைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். சென்னையில் வாசல் நடைபாதை என்பது செருப்புக் காலுக்கு மட்டும் போடுகிற தளம் இல்லை. வெறுங்காலோடு, ஈரத்தில், இருட்டு பிரியாத நேரத்தில் ஒருவர் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற இடம். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் பல தளங்கள் இந்த ஒரு சோதனையிலேயே அடிபட்டுவிடும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாதை முழுக்க, ஈரம் இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுத்த சாதாரணச் சாம்பல் நிறக் கான்கிரீட். சுற்றிலும் 4 அங்குல அகலத்துக்கு வழவழப்பான பட்டை. படிக்கு முன்னால் மட்டும் 4 அடிக்கு 4 அடி செங்காவி நிறக் கட்டம், அது கோலத்துக்கு. உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டாம்ப்டு கான்கிரீட். ஈரக் கான்கிரீட்டின் மேல் வண்ணப் பொடி தூவித் தேய்த்து, ஒட்டாமல் இருக்க இன்னொரு பொடி தூவி, ரப்பர் அச்சை வைத்து அழுத்துவார்கள். கருங்கல் பாளம், செங்கல் வரிசை, மரப்பலகை என்று எந்த உருவமும் வரும். நன்றாகச் செய்தால் கல்லுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த நிறமும் பளபளப்பும் நிற்பது மேலே பூசுகிற சீலரால். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் பூச வேண்டும். பூசாமல் விட்டால் வெயிலும் மழையும் மேல்நிறத்தைத் திட்டுத்திட்டாகத் தின்றுவிடும். பூசினால் ஈரத்தில் வழுக்கும்.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு, வீட்டுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டதால், பளபளப்பான சீலரோடு ஸ்டாம்ப்டு தளம் போட்டுக் கொடுத்தேன். சீலரில் கலக்கவேண்டிய வழுக்காப் பொடியைக் கலக்கவில்லை. பளபளப்பு குறைந்துவிடும் என்று நானே தவிர்த்துவிட்டேன். ஐப்பசி மழையில் அந்த வீட்டுப் பாட்டி பால் பாக்கெட் எடுக்கப் போனவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. போய்ப் பார்த்தபோது அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அந்தச் சீலரை உரித்து எடுத்து, பொடி கலந்து மறுபடி பூசிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வயதானவர்கள் இருக்கும் வீட்டில், மேற்கூரை இல்லாத இடத்தில், பளபளப்புப் பூச்சுக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஸ்டாம்ப்டு தளத்தில் கோலமும் சரியாக வராது. அச்சுப் பள்ளத்தில் மாவுக்கோடு முறியும். வேப்பம்பூ, முருங்கை இலை எல்லாம் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் பெருக்கி எடுப்பது பெரும்பாடு. அப்புறம், சென்னையில் முன்வாசலுக்கு அடியில் என்னவெல்லாம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மெட்ரோ வாட்டர் குழாய், சம்ப், டிரெயினேஜ் சேம்பர். என்றாவது ஒருநாள் உடைத்தே ஆக வேண்டும். ஸ்டாம்ப்டு தளத்தை உடைத்து ஒட்டுப்போட்டால் நிறமும் அச்சும் சேரவே சேராது. ஈசிஆர் பக்கம் பெரிய பண்ணை வீடு, அகலமான கார் பாதை, பராமரிக்க ஆள் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். 80 சதுர அடிக்கு அச்சும் ஆட்களும் வரவழைப்பது செலவுக்கணக்கிலும் கட்டுப்படியாகாது.

கூழாங்கல் தெரிகிற தளம் வேறு கதை. எனக்குப் பிடித்த வேலை. கான்கிரீட் போட்டதும் மேலே சின்னக் கூழாங்கல்லைப் பரப்பி, மரக்கட்டையால் தட்டி உள்ளே இறக்கி, மேல்தோல் மட்டும் இறுகாமல் இருக்க ஒரு மருந்தைத் தெளிப்பார்கள். அடியில் கான்கிரீட் இறுகிய பிறகு தண்ணீர் பீய்ச்சி, பிரஷ்ஷால் தேய்த்தால் மேலே இருக்கும் சிமெண்ட் பால் கழுவிப் போய், கல் கல்லாக வெளியே தெரியும். கல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே வரக்கூடாது, வந்தால் நாளாவட்டத்தில் பிடுங்கிக்கொள்ளும். மழையில் வழுக்காது, அழுக்கு தெரியாது, நிறம் போகாது, ஏனென்றால் அது கல்லின் சொந்த நிறம். ஆனால் வெறுங்காலில் நடந்தால் குத்தும். கோலம் போடவே முடியாது. அம்மா இல்லாத வீடாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆசை விடவில்லை என்றால் பாதையின் இரண்டு ஓரத்திலும் அரை அடிக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நடக்கிற நடுப்பகுதியில் வேண்டாம்.

ஆசிட் ஊற்றி நிறம் வரவழைக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளறைக்கு அழகு. வெளிவாசலுக்குத் தேவையில்லாத வேலை.

இன்டர்லாக் பேவர் பிளாக்கை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சேம்பரும் குழாயும் பாதைக்கு நேர் அடியிலேயே ஓடுகிறது, அடிக்கடி அடைக்கிறது என்றால் அதுதான் புத்திசாலித்தனம். 60 மில்லிமீட்டர் தடிமன் போதும். கல்லைக் கழற்றி வேலை பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கலாம். இடுக்கில் எறும்பு மண்ணைத் தள்ளும், புல் முளைக்கும். அதற்குத் தயார் என்றால் சரி.

இப்போது நான் சொன்ன துடைப்பத் தளத்துக்கு வருகிறேன். பேரைக் கேட்டதும் இது என்ன அழகு என்று தோன்றும். மழைத் தண்ணீர் வடிந்த ஒரு காலையில், சாய்வெயிலில் பாருங்கள், கோரைப்பாய் விரித்த மாதிரி இருக்கும். காலுக்குப் பிடிப்பு, கண்ணுக்கு உறுத்தாத நிறம், மேலே பூசிக்கொண்டே இருக்க ஒன்றும் கிடையாது. சாம்பல் நிறம் என்பதால் கத்திரி வெயிலிலும் கரும்பாறை மாதிரிச் சுடாது.

இதில் சூட்சுமம் எல்லாம் நேரத்தில் இருக்கிறது. கான்கிரீட்டைக் கொட்டி மட்டம் பார்த்ததும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே கசிந்து தளம் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு இருக்கும்வரை யாரும் கரண்டியை வைக்கக்கூடாது. நம் ஆட்கள் பொறுமை இல்லாமல், அந்தத் தண்ணீரை உறிஞ்ச மேலே வறட்டுச் சிமெண்டைத் தூவி இழைத்துவிடுவார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்பு, அப்புறம் தோல் உரிகிற மாதிரிப் பெயர்ச்சல். உங்கள் பழைய தளம் மேலாகப் பெயர்ந்து, அடியில் ஜல்லி தெரியாமல் மணலாக உதிர்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். கொத்தனாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: தூவல் கிடையாது, காத்திருக்க வேண்டும்.

மினுமினுப்பு அடங்கியதும் மணியாஸ் கட்டையால், அதாவது கொத்தனாரின் மரத் தேய்ப்புக் கட்டையால், ஒரு தேய்ப்பு. விரலை வைத்து அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும், ஈரம் விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் துடைப்பத்துக்கு நேரம். தென்னந்துடைப்பம் ஆழமான கோடு போடும், பாதத்தை அறுக்கும். பூந்துடைப்பம்தான் சரி. நனைத்து, நன்றாக உதறிவிட்டு, பாதையின் குறுக்கே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்பு விழும். அடுத்த இழுப்பு முந்தையதை ஒரு விரல்கடை மேவிப் போக வேண்டும். நடக்கிற திசைக்குக் குறுக்கே கோடு இருந்தால்தான் கால் வழுக்காது. நீளவாக்கில் இழுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இழுத்து முடிந்ததும் ஓரப்பட்டை. நாலு அங்குலக் கரண்டியை ஓரத்தில் வைத்து ஒருமுறை இழுத்தால் துடைப்பக் கோடு அழிந்து வழவழப்பான சட்டம் விழும். நிலைப்படிக்குச் சட்டம் அடித்த மாதிரித் தளத்துக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடும். இந்த ஒரு வேலைதான் சாதாரணத் தளத்தை அலங்காரத் தளமாக மாற்றுகிறது. இதற்குத் தனிச் செலவே கிடையாது.

கோலக் கட்டம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை பார்த்திருப்பீர்கள். முகம் பார்க்கலாம் என்பார்கள். அதே நிறம், ஆனால் அந்த மெருகு வேண்டாம், வெளியே மெருகேற்றினால் வழுக்கும். மணியாஸ் கட்டை தேய்ப்போடு நிறுத்திவிடுங்கள். மணல்பரப்பு மாதிரி நைஸான சொரசொரப்பு இருக்கும். அரிசி மாவு அதில் பிடித்து நிற்கும், கோடு முறியாமல் ஓடும். சிவப்பில் வெள்ளைக் கோலம் எப்படி எடுப்பாகத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிக்குச் செம்மண் பட்டை அடிக்கிற வேலையில் பாதி மிச்சம்.

இரும்பு ஆக்சைடு நிறமிதான் வாங்க வேண்டும். சிமெண்டின் காரத்துக்கும் வெயிலுக்கும் அது தாங்கும். சுண்ணாம்பில் கலந்து சுவருக்கு அடிக்கிற மலிவான கலர் பொடி தாங்காது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை போதும். நிறம் ஏறும் என்று அள்ளிக் கொட்டினால் தளத்தின் வலு குறையும். முதலில் சிமெண்டும் பொடியும் மட்டும் வறட்டாகக் கலந்து, ஒரே நிறம் வந்த பிறகு மணல், ஜல்லி. இந்தக் கட்டத்துக்கு வேண்டியதை ஒரே கலவையாகப் போடுங்கள். இரண்டு தடவை கலந்தால் இரண்டு சிவப்பு வரும்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் சரி, போட்ட தளத்தை ஈரமாகவே வைத்து நீராற்றவும் சரி, அதைத் தொடாதீர்கள். காய்ந்ததும் சிவப்பின் மேல் வெள்ளையாக உப்பு பூக்கும். நல்ல தண்ணீரிலும் சிமெண்டின் சுண்ணாம்பு கொஞ்சம் பூக்கத்தான் செய்யும், அது மழையில் மெல்லக் கரையும். போர் தண்ணீரின் உப்பு மேலே மேலே வந்துகொண்டே இருக்கும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனூண்டு வேலைக்கு அது முடியாத காரியம் இல்லை.

இனி அடியில் நடக்கவேண்டியது. தண்ணீர் தேங்குகிறது என்றீர்களே, அதற்கு எந்த அலங்காரமும் மருந்து ஆகாது, சரிவுதான் மருந்து. நாலு அடி அகலத்துக்கு ஒரு அங்குலம், சுவரை விட்டு விலகி, செடிப்பக்கம் சரிய வேண்டும். டியூப் லெவலோ ரசமட்டமோ வைத்து, நூல் கட்டி, கான்கிரீட் கொட்டும் முன்பே நீங்களே ஒருமுறை பாருங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானதே, அப்போது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் எங்கேயாவது இருக்கும். அதைத் தூர்வாரி, சரிவை அந்தப் பக்கமாகத் திருப்புங்கள். தெரு மேல்போட்டு மேல்போட்டு உங்கள் கேட்டைவிட உயர்ந்திருந்தால், கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே கம்பிவலை மூடியோடு ஒரு சின்ன வாய்க்கால் விடுங்கள், தெருத் தண்ணீர் பாதைக்குள் வராது.

பழைய தளத்தை எடுத்ததும் மண்ணைப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், தொந்தரவு குறைவு. களிமண்ணாக இருந்தால் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், மேலே இருக்கும் தளத்தைத் தூக்கி உடைக்கும். அப்படி என்றால் ஒன்பது அங்குலம் தோண்டி எடுத்துவிட்டு, கிராவலும் எம்சாண்டும் (கல்லை அரைத்த மணல்) போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகத் திம்சு கட்ட வேண்டும், அதாவது இடித்து இறுக்க வேண்டும். இந்த ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்கப் பார்க்கிற ஆள் என்றால் வேறு ஆள் பாருங்கள்.

தடிமன் 4 அங்குலம். எம்20 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி. உங்கள் 80 சதுர அடிக்கு ஆறு மூட்டை கணக்கு வரும், சேதாரத்துக்குச் சேர்த்து ஏழு வாங்கிக்கொள்ளுங்கள். மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் அளவு, எப்படிப் போனாலும் 30ஐத் தாண்டக்கூடாது. வேலை லேசாக இருக்கும் என்று கலவையைக் குழம்பாக்குவார்கள். பக்கெட்டை எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். ஆள் நடக்க, ஸ்கூட்டர் ஏற்ற இதற்குக் கம்பி தேவையில்லை. நாலு அங்குலத்தில் கம்பியைச் சரியான ஆழத்தில் வைக்காவிட்டால், நம் கடலோரக் காற்றுக்குத் துருப்பிடித்து அதுவே தளத்தை வெடிக்க வைக்கும். கார் ஏறும் என்றால் தடிமன், கம்பி எல்லாம் வேறு கணக்கு.

இருபது அடியையும் ஒரே பாளமாகப் போடாதீர்கள். கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது எங்கேயாவது வெடித்தே தீரும், அது எங்கே என்பதை நாம் சொல்லிவைக்கலாம். நாலு அடிக்கு ஒரு கட்டமாக ஐந்து சதுரக் கட்டம். ஒன்று விட்டு ஒன்று கொட்டி, இடையில் இருப்பதை மறுநாள் நிரப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். பின்னால் குழாய்க்கு உடைக்க நேர்ந்தாலும் ஒரு கட்டத்தோடு போகும். சதுரம் சதுரமாக வருவதே பார்க்கவும் லட்சணம். படியையும் சுவரையும் தொடுகிற இடத்தில் அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை வைக்கச் சொல்லுங்கள். சேம்பர் மூடியைச் சுற்றியும் அதேபோல.

நீராற்றுவதில்தான் முக்கால்வாசித் தளங்கள் கெட்டுப்போகின்றன. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஹோஸைப் பிடித்துக் காட்டுவது நீராற்றுவது ஆகாது. இடையில் காய்ந்துபோகிறதே. சாக்கைப் போட்டு எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். இன்று கடையில் அதிகம் கிடைப்பது பிபிசி சிமெண்ட், அதாவது நிலக்கரிச் சாம்பல் கலந்த வகை. நம் ஊர் வெயிலுக்கு அதற்கு 14 நாள் ஈரம் வேண்டும். சிவப்புக் கட்டத்தின் மேல் மட்டும் முதலில் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், சாக்கின் சாயம் இறங்கிக் கறை விழுந்தால் போகாது.

சீலர் தேவையா என்றால், துடைப்பத் தளத்துக்குக் கட்டாயமில்லை. பக்கத்தில் பாதாம் மரம் மாதிரி கறை பிடிக்க வைக்கிற மரம் இருந்தால், உள்ளே ஊறிப்போகிற வகை, சிலேன் சிலாக்சேன் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதை 28 நாள் கழித்து அடிக்கலாம். அது மேலே படலமாக நிற்காது, நிறத்தையும் பிடிப்பையும் மாற்றாது. படலமாக நிற்கிற வகை நம் ஊருக்கு ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாள் கணக்கில் தண்ணீர் நின்ற வீடுகளில் பார்த்தேன். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் சீலர் பால் வெள்ளையாக மாறி, கொப்புளம் கொப்புளமாக உரிந்து கிடந்தது.

பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கொஞ்சநேரம் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பொங்கிப் பளிச்சென்று ஆவது அழுக்கு போனதால் இல்லை, கான்கிரீட்டின் மேல்தோலே கரைவதால்.

மழை முழுக்க ஓய்ந்து, தை பிறந்ததும் வேலையை ஆரம்பியுங்கள். வெயில் ஏறாத மாதம், துடைப்பம் இழுக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். சித்திரை வைகாசியில்தான் முடியும் என்றால் காலை 6 மணிக்கே கொட்ட ஆரம்பித்துவிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். தோட்டத்து மூலையில் இரண்டு அடிக்கு இரண்டு அடி மாதிரித் துண்டு இரண்டு போடச் சொல்லுங்கள். ஒன்று துடைப்பம் இழுத்தது, ஒன்று சிவப்பு. ஒரு மூட்டை சிமெண்டுகூடச் செலவாகாது. பத்து நாள் கழித்து அதன் மேல் தண்ணீர் தெளித்து, அம்மாவை வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்லுங்கள், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஒரு சின்னப் புள்ளிக்கோலம் போட்டுப் பார்க்கட்டும். கோடு ஆழமாக இருக்கிறது, காலில் உறுத்துகிறது, மாவு ஒட்டவில்லை என்று அவர் என்ன சொல்கிறாரோ, அதைக் கொத்தனாரிடம் அப்படியே சொல்லுங்கள்.